கல்பனாவுக்கு: டிசம்பர் வேண்டாம், மே மாசம் வா

அன்புள்ள கல்பனா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்கு. அம்மா ஒருவழியா காது மெஷின் போட்டுக்க ஒத்துக்கிட்டாங்க. சுமதி பொண்ணுக்கு வரன் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை யார் வீட்டுப் பையன்னு தெரிஞ்சா நீ விழுந்து விழுந்து சிரிப்பே, நேர்ல சொல்றேன். ஊர் சேதி அவ்வளவுதான்.

அரைப்பரீட்சை லீவுக்கு வர்றோம், கடலை ஒட்டி ஒரு ரிசார்ட் பாத்து வெச்சிருக்கோம், கவின் சர்ஃபிங் கத்துக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான், குட்டிக்கு மணல் வீடு கட்டணும், அத்தைக்குக் கடல் காத்து வேணும்னு ஒரே மூச்சுல எழுதிட்டே. அடியே, இதெல்லாம் ஒரே கரையில, ஒரே நேரத்துல நடக்கிற காரியமா? ஹாஸ்டல்ல ஒரே நாள்ல மூணு சினிமா பாக்கணும்னு பிளான் போட்டவதானே நீ! இதுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி பத்தாது. உக்காந்து எழுதுறேன், பொறுமையா படி.

முதல்ல, டிசம்பர்ல வராதே. வடகிழக்குப் பருவக்காத்து கடல் மேலேர்ந்து நேரா நம்ம கரையில வந்து மோதுற மாசம் அது. அலைகள் ஒழுங்கா வரிசை கட்டி வராது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, குழம்பி வரும். கத்துக்குட்டிக்கு அதுல பலகை மேல எழுந்து நிக்கவே நேரம் இருக்காது. 2022-ல மாண்டஸ், 2023-ல மிக்ஜாம், ரெண்டு புயலும் டிசம்பர்லதான் வந்துச்சு. இன்னொண்ணும் இருக்கு. அந்த மாசங்கள்ல கரையோர நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கே ஓடும். அடையாறு கடல்ல கலக்கிற இடம் பெசன்ட் நகருக்கு வடக்கே இருக்கு. மழை வெள்ளம் ஆத்துல அடிச்சுட்டு வர்ற சாக்கடை பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கமாத்தான் இறங்கும். அந்தத் தண்ணியில குட்டியை இறக்குவியா?

பொங்கலுக்கு அப்புறம் மார்ச் வரைக்கும் கடல் அடங்கிக் கிடக்கும். குழந்தைகளுக்கு நல்ல காலம், ஆனா உனக்கு ஸ்கூல் லீவு கிடையாது. அதனால மே. ஏப்ரல், மேயிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தெற்கே ரொம்ப தூரத்துல, பெருங்கடல்ல உருவாகிற அலைகள் நம்ம கரைக்கு வந்து சேரும். ரொம்ப தூரம் பயணப்பட்டு வர்றதால ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கும். விடிகாலையில காத்து நிலத்துலேர்ந்து கடலுக்கு அடிக்கும்போது அலையோட முகம் வழவழன்னு இருக்கும். உச்சி வெயில் நேரத்துல கடல் காத்து திரும்பிட்டா அப்புறம் எல்லாம் கலைஞ்சு போயிடும். சர்ஃபிங்னா காலை ஆறு மணியிலேர்ந்து ஒன்பது மணி. கவின் ஆறு மணிக்கு எழுந்திருப்பானான்னு முதல்ல கேட்டு வை.

கத்துக்க கோவளம்தான், நான் அடிச்சுச் சொல்றேன். மெட்ராஸுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல அங்கே ஆரம்பிச்ச சர்ஃபிங் பள்ளிதான் இன்னிக்கு அந்தக் குப்பத்துப் பசங்களை நாடு முழுக்கப் போட்டிக்கு அனுப்புது. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சர்ஃபிங் மட்டும்தான்னு அவங்க பசங்களுக்குச் சொல்ற சட்டம் உனக்கு ரொம்பப் பிடிக்கும். சொல்லிக் கொடுக்கிறவங்க அந்தத் தண்ணியிலேயே பிறந்து வளந்தவங்க. எனக்கு அதுதான் பெரிய தைரியம்.

எங்க நிலா அங்கே கத்துக்க ஆரம்பிச்ச அன்னிக்கு, மாஸ்டர் அவளை உடனே தண்ணியில விடலை. மணல்லயே போர்டு வடிவத்துல கோடு போட்டு, குப்புறப் படுக்க வெச்சு, கையை ஊனி ஒரே வீச்சுல எழுந்து நிக்கப் பழக்கினார். அப்புறம் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அலையில வீசினார். "அது எங்கே போவுது பாரு பாப்பா"ன்னார். மட்டை கரைக்கு வரலை. கரையை ஒட்டியே கொஞ்ச தூரம் பக்கவாட்டுல நகர்ந்து, அலையே உடையாத ஒரு இடத்துக்குப் போய், அங்கேயிருந்து நேரா கடலுக்குள்ள போயிடுச்சு. "பாக்க அமைதியா இருக்கே, அங்கேதான் இழுப்பு"ன்னார்.

கல்பனா, நான் சொல்ல வர்றதே இதைத்தான். அலைகள் கரையில கொண்டுவந்து கொட்டுற தண்ணி திரும்பிப் போய்த்தானே ஆகணும்? மணல் திட்டுல எங்கே பள்ளம் இருக்கோ அந்த வழியா மொத்தமும் திரண்டு வெளியே ஓடும். அந்த இடத்துல ஆழம் அதிகம், அதனால அலை உடையாது, நுரை இருக்காது, நிறம் கொஞ்சம் கருத்துத் தெரியும். புதுசா வர்ற குடும்பம் "இங்கே அலையே இல்லை, குழந்தைங்களுக்கு நல்லது"ன்னு சரியா அங்கேதான் இறங்கும்.

போன ஞாயித்துக்கிழமை என் கண் முன்னாடி அப்படி ஒண்ணு நடந்துச்சு. ஒரு ரிசார்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற கரை. எச்சரிக்கைப் பலகை இல்லை, உயிர்காப்பாளர் யாரும் இல்லை. கவின் வயசுப் பையன் இடுப்பளவு தண்ணியில நின்னுட்டிருந்தான், திரும்பிப் பாக்கிறதுக்குள்ள கழுத்தளவு. கரையைப் பாத்து நீந்துறான் நீந்துறான், இருந்த இடத்துலேர்ந்து நகரவே இல்லை. அவங்க அம்மா புடவையோட இறங்கப் போனாங்க, நாங்க ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தோம். ஈரப் புடவை காலைச் சுத்திக்கிட்டா அவங்களையும் தேட வேண்டியிருக்கும். வலை உதறிட்டிருந்த ஒருத்தர் ஃபைபர் போட்டைத் தள்ளிட்டுப் போய்ப் பையனைத் தூக்கிட்டு வந்தார். பிழைச்சுட்டான். ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை, உன் பிளான்தான் ஞாபகத்துல இருந்துச்சு.

அதனால கவினுக்கு இதை மனப்பாடம் பண்ண வை: இழுப்புல மாட்டினா கரையைப் பாத்து நீந்தக் கூடாது. மல்லாந்து மிதக்கணும், கையைத் தூக்கி ஆட்டணும், தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வரணும். நுரை அடிக்கிற இடத்துக்கு வந்துட்டா அலையே கரையில தள்ளிடும். வாய்க்கால்ல நல்லா நீந்துறான்னு எழுதியிருக்கே. வாய்க்கால் வேற, கடல் வேறடி.

2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்து போனாங்களே, ஞாபகம் இருக்கா? அப்போ கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. எங்கேயோ நடுக்கடல்ல அடிச்ச புயலோட அலை, இங்கே காத்தே இல்லாதப்பவும் திடீர்னு வந்து ஏறும். ஹைதராபாத்ல இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் மையம் இதுக்கெல்லாம் முன்னாடியே எச்சரிக்கை கொடுக்குது. நல்ல மாசம் மேன்னு நான் சொன்னாலும், கிளம்புற அன்னிக்குக் காலையில அதைப் பாக்காம கால் நனைக்காதே.

சரி, குட்டிக்கும் அத்தைக்கும் வர்றேன். கோவளத்துலயே ஒரு பகுதிக்கு 2021-ல நீலக்கொடி அங்கீகாரம் கிடைச்சுது, சுத்தமும் பாதுகாப்பும் இருக்கிற கடற்கரைக்குக் கொடுக்கிறது அது. டாய்லெட், குளிக்க ஷவர், உடை மாத்த அறை எல்லாம் இருக்கு. பொம்பளைங்க கூட்டமா போனா இதோட அருமை தெரியும், உனக்கு நான் சொல்லணுமா! கவின் ஒரு பக்கம் கத்துக்கட்டும், குட்டி இந்தப் பக்கம் மணல்ல ஆடட்டும். படகு ஏத்தி இறக்கிற இடத்துல மட்டும் உக்காரக் கூடாது. காலையில மீனோட வர்ற படகு நமக்காக நிக்காது, அது அவங்க பொழப்பு. முட்டுக்காடு முகத்துவாரத்துப் பக்கமும் இறங்க வேண்டாம், ஏரித் தண்ணியும் கடலும் மோதுற இடம்.

மெரினாவுல குளிக்கிறதுக்குப் போலீஸ் தடை, அது சரியான தடை. நாலடி வெச்சாலே தரை சரிஞ்சு போகும். ஆனா அத்தைக்கு மெரினா மாதிரி இடம் கிடையாது. சக்கர நாற்காலியிலேயே அலைகிட்டப் போக 2022-ல மரப்பாதை போட்டாங்க. அடுத்த சில நாள்ல மாண்டஸ் வந்து உடைச்சுது, திரும்பச் சரி பண்ணிட்டாங்க. முழங்கால் வலின்னு கார்லயே உக்காந்திருக்கிறவங்களை ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிட்டுப் போகலாம். பட்டாணி சுண்டல் என் செலவு.

பெசன்ட் நகருக்கும் போவோம், நடக்கிறதுக்கு மட்டும். அங்கே இருக்கிற ஷ்மிட் நினைவு மண்டபம் ஞாபகம் இருக்கில்ல, நாம நிழலுக்கு உக்காருவோமே? 1930 டிசம்பர்ல மூழ்கப் போனவங்களைக் காப்பாத்தப் போய் உயிர் விட்ட டென்மார்க்காரர் அவர். கவினுக்கு அதைக் காட்டணும்.

ஒரு நாள் மிச்சமிருந்தா மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலை ஒட்டி வர்ற அலை நல்லா நிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் அங்கேதான் நடந்துச்சு. கர்நாடகாவோட ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். கவின் கரையில நின்னு வேடிக்கை பாக்கட்டும், இந்த வருஷம் அது போதும்.

சாமான்ல உடம்பை ஒட்டின முழுக்கை லைக்ரா சட்டை கட்டாயம். போர்டு மேல தேய்ச்ச மெழுகுலயும் மணல்லயும் உரசி நிலாவுக்கு நெஞ்செல்லாம் சிவந்து போச்சு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். மறுநாள் காலையில எனக்கு முன்னாடி எழுந்து கிளம்பி நின்னா பாரு! ஆமா, மேயில மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகு எதுவும் ஜூன் 14 வரைக்கும் போகாது. வஞ்சிரம் விலையைக் கேட்டா உங்க வீட்டுக்காரர் மயங்கிடுவார். நெத்திலி, சங்கரா கிடைக்கும், குழம்பு நான் வெக்கிறேன்.

அந்த ரிசார்ட்டைக் கேன்சல் பண்ணு. எங்க வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. தேதி முடிவானதும் போன் போடு. கவின் எத்தனை அடி உயரம், எவ்வளவு எடைன்னும் சொல்லு, போர்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும்.

அன்புடன்,
லதா