ஆறாம் நாள் எண்ணிக்கைக்கு முன்னால்

அன்பு மைனா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் சின்னவன் வந்து பிடுங்கிக்கொள்வான். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி. எல்.எஸ்.எஸ். ரிசல்ட், அதுதான் நாலாம் கிளாஸுக்குக் கேரள சர்க்கார் வைக்கிற ஸ்காலர்ஷிப் பரீட்சை ரிசல்ட், வந்துவிட்டது. நம்ம பள்ளிக்கூடத்துக்கு இரண்டு! நாலாம் கிளாஸில் எழுதினதே ஐந்து பேர்தான். 80-க்கு 48 எடுத்தால் போதுமே என்று டவுனில் லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். டி.வி., அடுப்பு, தம்பி, தங்கை எல்லாம் ஒரே அறையில் இருக்கிற எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்து படித்து எடுத்த 48 அது. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. குடை டீச்சர் மறையூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சிவிட்டார். உன்னைக் கூப்பிட்டாராம், நீ போகவில்லையாம். என்னைப் பிடித்துக்கொண்டு ஒரே புலம்பல். அவருக்கு ஒரு போன் பண்ணிவிடு, மூணாவது தோசை மேல் ஆணை. எச்.எம். சார் இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். புது ஆள் வருகிறவரைக்கும் சார்ஜ் என் தலையில். ஜூன் மாதத்தில் பிள்ளைகளை எண்ணுகிற கணக்கு முழுக்க என் பொறுப்பு என்று அர்த்தம். அதைப் பற்றித்தான் உன்னிடம் கொட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் நல்ல சேதியை முடித்துவிடுகிறேன். ஜெயித்தவர்களில் ஒருவன், ஃபேக்டரிக்கு மேலே இருக்கிற லயத்தில் நமக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுக்குமே ஒரு பாட்டி, அந்தப் பாட்டியின் பேரன். கணக்கென்றால் சாப்பாடு வேண்டாம் அவனுக்கு. ரிசல்ட் தெரிந்த அன்றைக்குச் சாயங்காலமே பாட்டி ஒரு பை நிறைய பீன்ஸோடு வந்து நின்றுவிட்டது. "ஒன் கூட்டாளிக்கும் சேத்துத்தான்"னு சொல்லிக் கொடுத்தது. உன் பங்கையும் நாங்களே சாப்பிட்டோம்.

இன்னொருவன் ஜார்க்கண்ட் பையன். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் எஸ்டேட்டில்தான் வேலை. வீட்டில் பேசுவது சாத்ரி, கடையில் இந்தி, கிளாஸில் தமிழ், விளையாடும்போது மலையாளம். பரீட்சையைத் தமிழில் எழுதித்தான் ஜெயித்தான். அவன் தங்கை மூணாம் கிளாஸ், என் கிளாஸ். போன வருஷக் கடைசியில் உபஜில்லா கலோல்சவத்தில், அந்தப் பள்ளிக் கலைவிழாவில், தமிழ்ப் பத்யம் சொல்லலுக்கு 'ஏ' கிரேடு வாங்கினாள் என்று மெசேஜ் அனுப்பினேனே, அந்தக் குட்டி. நீ ஒரு கைதட்டுப் படத்தோடு நிறுத்திக்கொண்டாய். முழுசாகக் கேள்.

ஒன்றாம் கிளாஸில் வந்து சேர்ந்தபோது அவள் வாயே திறக்கவில்லை. மாதக்கணக்கில் தலையாட்டல்தான். மத்தியானம் மட்டும் சமையல்கார அக்காவோடு போய் நின்றுகொள்வாள். முட்டை போடுகிற நாளில் அக்கா இவளைத்தான் எண்ணச் சொல்லும். இவள் விரலை நீட்டி மனசுக்குள்ளேயே எண்ணுவாள். ஒருநாள் யாரோ இரண்டு முட்டை எடுத்துவிட்டான். அவ்வளவுதான், "அக்கா, ஒண்ணு கொறையுது!" என்று கத்தினாளே ஒரு கத்து. அன்றைக்குத் திறந்த வாய். அதற்கப்புறம் நான் ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தால், மறுநாள் வரும்போது அது லயம் முழுக்கப் பரவியிருக்கும், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

போட்டிக்கு ஒரு மழைப் பாட்டு கொடுத்தேன். மேடையில் மைக் அவள் நெற்றிக்கு மேலே நின்றது. யாரும் இறக்கிவிடவில்லை. சளி வேறு பிடித்திருந்தது. அவள் மைக்கை விட்டு ஓர் அடி முன்னால் வந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, சொந்தக் குரலிலேயே ஆரம்பித்தாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அவள் அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். ரிசல்ட்டை மலையாளத்தில் சொன்னார்கள். அந்த அம்மா மேடையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்ததும்தான் அவளும் சிரித்தாள். 'ஏ' கிரேடுக்கு 5 பாயிண்ட். பிரவிருத்தி பரிசய மேளாவில், அந்தக் கைவேலைப் போட்டியில், வெண்டைக்காயையும் பாகற்காயையும் வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுப் போட்ட பையனுக்கு 'பி', அது 3. பெரிய பள்ளிக்கூடங்களுக்கு நடுவில் போர்டில் நம்ம பேரும் ஏறியது, மைனா. நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது கவலைக்கு வருகிறேன். ஏப்ரலில் பள்ளி மூடினதும் அந்தக் குடும்பம் எர்ணாகுளம் போய் தன்பாத் வண்டி பிடித்து ஊருக்குப் போய்விட்டது. வருஷா வருஷம் போகிறவர்கள்தான், ஆனால் இந்தத் தடவை பாத்திரத்தையும் கட்டிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பையன் ஐந்தாம் கிளாஸுக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். ஜீப் செலவு யார் கொடுப்பது? சித்தப்பா வீட்டில் விட்டு இந்தி ஸ்கூலில் சேர்க்கலாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு 1,000 ரூபாய் ஸ்காலர்ஷிப், ஏழாம் கிளாஸ் வரைக்கும் கிடைக்கும், இங்கேயே படிக்கட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "பாக்கலாம் டீச்சர்" என்றார். அவர்கள் ஊரில் மழை இறங்குவதே ஜூன் நடுவில்தான். நாற்று நட்டுவிட்டு வருவோம் என்றாலும் ஜூலை ஆகிவிடும். நம்ம பள்ளிக்கூடத்தின் கணக்கோ ஜூனில் ஆறாவது வேலை நாளோடு முடிந்துபோகும்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் நீ போடிப் பக்கம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு பெஞ்சில் இருக்கிற தலையை வைத்துத்தான் எத்தனை டீச்சர் போஸ்ட் என்று முடிவாகும். அதுவும் ஆதார் சரியாக இருக்கிற தலை. கல்வித் துறையின் கம்ப்யூட்டர் பதிவான சம்பூர்ணாவில் ஏறாத பிள்ளை நம்ம முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாலும் படித்தாலும் கணக்கில் இல்லை. இந்தக் குட்டிக்கு ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, நம்ம ரெஜிஸ்டரில் ஒரு மாதிரி. மார்ச்சில் நானே அட்சயா இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளிரில் விரல் வறண்டுபோய் மெஷின் ரேகையை எடுக்கவே மாட்டேன் என்கிறது. அங்கிருந்த பையன், "தலைமுடியில தேய்ச்சிட்டு வை" என்றான். அவள் எண்ணெய்த் தலையில் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். பக்கத்தில் அவள் அம்மா. கொழுந்துக் கறை ஏறி நுனியெல்லாம் கறுத்துப்போன விரல். அந்த அம்மாவுடைய ரேகை தேய்ந்தே போய்விட்டது. நல்லவேளை, பிள்ளையுடையது விழுந்தது.

இதெல்லாம் நம்ம தமிழ் ஆட்கள் இருந்தால் வந்திருக்காதே என்று நீ கேட்பாய். யாரடி இருக்கிறார்கள்? 58 வயதில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். சொந்த மண் என்று ஒரு சென்ட் கிடையாது. அதனால் பிள்ளைகள் இருபது வயதிலேயே திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிடுகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரிக்குப் பிறகு இன்னும் வேகமாக இறங்கினார்கள். பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போனது. அந்த லயங்களில் இருந்தவர்கள் எல்லாரும் நம்ம சொந்தபந்தம்தானே. இப்போதும் விடாமல் மழை அடித்தால் ராத்திரி முழுக்க ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குப் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு மேல் இங்கேயே இரு என்று யாரை நான் பிடித்து வைக்க?

மிச்சம் இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் காலையில் இங்கிலீஷ் மீடியம் ஜீப் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தன் பிள்ளை கூடை தூக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு அம்மாவும் நினைக்கிறாள். ஆனால் நாலாம் கிளாஸ் வரைக்குமாவது வீட்டுப் பாஷையில் கணக்கும் சுற்றுச்சூழலும் படித்த பிள்ளை தடுமாறாது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டியின் பேரன் அதற்குச் சாட்சி. வேறு பாஷை பேசுகிற வீட்டிலிருந்து வந்து, நம்ம பாஷையில் படித்து ஜெயித்தவன் அந்த இன்னொருவன். அவனுக்கு இரண்டு மடங்கு பாடு. அவனுக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம் என்பதுதான் என்னை அரிக்கிறது. நாம் படித்த இந்தத் தமிழ் மீடியம் ஸ்கூலில் இன்றைக்குப் பாதிக்கு மேல் வடக்கத்திப் பிள்ளைகள். அவர்கள் தலையால்தான் கதவு திறந்திருக்கிறது. அவர்கள் வராவிட்டால் கதவும் இல்லை, பாட்டி பேரனுடைய தம்பிக்குப் பெஞ்சும் இல்லை.

இதற்காகத்தான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போடிமெட்டுப் பக்கம் உங்கள் ஏலத்தோட்டத்தில் ஜார்க்கண்ட் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று போன தடவை சொன்னாய். அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா? பள்ளிக்கூடம் போகிறார்களா, இல்லை ஏலச்செடிக்கு நடுவில் தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? உன் வீட்டுக்காரரிடம் விடாமல் கேள். பக்கத்தில் எந்த ஸ்கூலோ அதில் ஜூன் முதல் வாரத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால் எனக்குப் போன் பண்ணு. ஆதார் இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்க முடியாது. நீயும் ஒரு காலத்தில் சாக்பீஸ் பிடித்தவள்தானே. கல்யாணத்துக்கு முன்னால், டீச்சர் வேலைக்கான பி.எஸ்.சி. லிஸ்டில் என்னைவிட மேலே இருந்தவள் நீ. அது எனக்கு இப்போதும் ஆறவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த அப்பாவின் நம்பருக்குத் தினம் அடிக்கிறேன். பெரும்பாலும் ஸ்விட்ச் ஆஃப். ஒரு நாள் அடித்தது, அந்தக் குட்டியே எடுத்தாள். அவள் பாட்டி வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறதாம், மழை வரவில்லையாம், நாலாம் கிளாஸ் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டாள். அவளுக்கென்று ஒரு செட் எடுத்து வைத்துவிட்டேன், மேலே அவள் பெயரையும் எழுதி. பஞ்சாயத்து மெம்பரிடம் ஜீப் விஷயம் பேசியிருக்கிறேன். பையனுக்கு டவுனுக்குப் போய்வர வழி பண்ணினால் அப்பா மனசு மாறும் என்று நினைக்கிறேன். பி.டி.ஏ.விலும் கொஞ்சம் பணம் இருக்கிறது. எஸ்டேட் ஃபீல்ட் ஆபீசரையும் பார்த்தேன். திரும்பி வருகிற ஆட்களின் டிக்கெட் விவரம் அவர் கைக்கு வந்ததும் சொல்கிறேன் என்றார்.

ஜூன் முதல் வாரத்தில் நீ இங்கே வந்தே ஆக வேண்டும். பள்ளி திறக்கிற அன்றைக்கு நடக்கிற பிரவேசனோத்சவத்துக்குப் பலூன் ஊத என்னிடம் ஆள் இல்லை, நீதான் ஊதப் போகிறாய். 2018-ல் குறிஞ்சி பூக்கும்போது வருகிறேன் என்றாய், வெள்ளம் வந்து ரோடு போய்விட்டது, சரி. அடுத்த குறிஞ்சி 2030-ல், அதுவரைக்கும் என்னைக் காக்க வைத்தால் நான் உன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவேன். வரும்போது உன் பெரியவன் படித்துத் தீர்த்த கதைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டு வா, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே ஒட்டிக்கொள்கிறோம். ஸ்வெட்டரும் உன்னுடையதையே எடுத்து வா. போன தடவை போட்டுக்கொண்டு போன என்னுடைய நீல ஸ்வெட்டர் இன்னும் போடியில்தான் இருக்கிறது.

உன்
பழைய பெஞ்சுக்காரி