நாஸ்கார் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: கர்ட் புஷ் மோதலின் கணக்கை வெளியிடுங்கள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமின் 2026ஆம் ஆண்டு வரிசையில் ஓட்டுநர் கர்ட் புஷ்ஷைச் சேர்த்ததற்கு முதலில் நன்றி. உங்கள் முதன்மைத் தொடரான கப்பில் 776 பந்தயங்கள், 34 வெற்றிகள், 2004இல் சாம்பியன் பட்டம், 2017இல் டேடோனா 500. அவர் தகுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மாலை போட்ட கையோடு, அந்தக் கணக்கு ஏன் 776இலேயே நின்றுபோனது என்பதற்கும் பதில் சொல்லியிருக்கலாம்.

2022 ஜூலை 23, பொக்கோனோ தகுதிச்சுற்று. நடந்ததை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்னொரு கார் இடிக்கவில்லை. மூன்றாம் திருப்பத்தில் கார் சுழன்று, பின்பக்கம் முதலில் சுவரில் அடித்தது. தலையில் அதிர்ச்சிக் காயத்தின் அறிகுறிகள் தெரிந்ததால் மறுநாள் பந்தயத்துக்கு மருத்துவர்கள் அனுமதி மறுத்தார்கள். அவருடைய 45ஆம் எண் காரில் அவருக்குப் பதிலாக டை கிப்ஸ் உட்கார்ந்தார். மே மாதம் கன்சாஸில் ஜெயித்து, பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டமான பிளேஆஃப்பில் இடத்தைச் சம்பாதித்து வைத்திருந்த மனிதர், பந்தயங்களைத் தவறவிட்டாலும் அந்த இடத்தைக் காக்கும் விலக்குச் சலுகையை ஆகஸ்ட் இறுதியில் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்டோபரில் அடுத்த ஆண்டு முழுநேரம் ஓட்டமாட்டேன் என்றார். 2023 ஆகஸ்ட்டில் டேடோனாவில் ஓய்வு. 22 ஆண்டு ஓட்டம் ஒரு தகுதிச்சுற்றில், ஒரு சுவரில் முடிந்தது.

கேட்பது ஒன்றுதான்: அந்த மோதலின் முழுத் தரவையும் வெளியிடுங்கள்.

ஏன் கேட்கிறோம் என்றால், 2022இல் வந்த புதிய காரின் பின்பகுதியில்தான் வில்லங்கம் இருந்தது. பழைய காரில் இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு அச்சு. இடி வாங்கினால் பின்சட்டம் மடங்கிக்கொடுக்கும். புதியதில் கியர்பாக்ஸும், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒன்றாகி டிரான்ஸ்ஆக்ஸிலாகப் பின்னால் போய்விட்டன, சஸ்பென்ஷன் தனித்தனி, ஓட்டுநர் உட்காரும் நடுக்கூண்டோடு போல்ட் போட்டு மாட்டும் விறைப்பான பின்சட்டம். எளிய கணக்கு ஒன்று: சுவரில் மணிக்கு 40 கி.மீ. வேகம் அழிகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பகுதி 60 செ.மீ. நசுங்கினால் சராசரி விசை 10 ஜியை, அதாவது புவியீர்ப்பின் பத்து மடங்கை, சற்றுத் தாண்டும். 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் 21 ஜி. நசுங்காத இரும்பின் மிச்சக் கணக்கை ஓட்டுநரின் கழுத்துதான் தீர்க்கிறது.

கழுத்தைக் காக்க ஹான்ஸ் கருவி இருக்கிறதே என்பீர்கள். 2001 அக்டோபரில் தலையையும் கழுத்தையும் பிடிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது நல்ல காரியம். ஆனால் தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டை இரண்டு வார்களால் பிடித்துக்கொள்ளும் அந்தக் கருவி, தலை முன்னால் பாய்வதைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது. கார் பின்பக்கமாகச் சுவரில் மோதினால் தலை பின்னால் போகும், வார்கள் தளர்ந்துவிடும். அப்போது மிஞ்சுவது தலைக்குப் பின்னால் இருக்கும் நுரைமெத்தை மட்டும்தான். மெத்தை மென்மையாக இருந்தால் தலை அதை அழுத்திக்கொண்டு அடிவரை போய் முட்டும். கடினமாக இருந்தால் முதல் அடியே பலமாக விழும். எந்தக் கடினம் சரி என்று முடிவுசெய்ய, தலை உண்மையில் எவ்வளவு விசையை வாங்கியது என்று தெரிய வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. புதிய காரின் கலவைப்பொருள் உடல் இடி வாங்கி வளைந்து, திரும்பப் பழைய வடிவத்துக்கே வந்துவிடும். வெளியே ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில் டெக்ஸாஸில் ஓட்டுநர் அலெக்ஸ் போமன் பின்பக்கம் அடிபட்ட பிறகும் அன்றைய பந்தயத்தைத் தொடர்ந்து ஓட்டினார். தலையில் அதிர்ச்சிக் காயத்தால் அடுத்த ஐந்து பந்தயங்களுக்கு அவரால் வர முடியவில்லை. காரைப் பார்த்து ஓட்டுநரின் நிலையைக் கணிக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2023க்குப் பின்சட்டத்தையும், பம்பர் தாங்கிகளையும், நடுக்கூண்டின் பின்பகுதியையும் மாற்றினீர்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் விறைப்பு அதிகம் என்று ஓட்டுநர்கள் முந்தைய பருவம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்களே. அதே 2022இல் ஒரு சக்கரம் கழன்று தடத்தில் உருண்டால், காரின் அணியை நடத்தும் க்ரூ சீஃபுக்கும் இரண்டு பணியாளர்களுக்கும் நான்கு பந்தயத் தடை போட்டீர்கள். நல்லது, ஒழுங்கு வேண்டும். ஓட்டுநரின் தலையை ஆட்டிவைத்த சட்டத்துக்கு எத்தனை பந்தயத் தடை, யாருக்கு? சக்கரத்தைப் பிடிக்கும் ஒற்றை நட்டுக்கு இருந்த கண்டிப்பு பின்சட்டத்தை வரைந்த மேசையையும் எட்டியிருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது. இதே கர்ட் புஷ் 2004 இறுதிப் பந்தயத்தில் ஹோம்ஸ்டெட்டில் வலது முன்சக்கரமே பிய்த்துக்கொண்டு போன பிறகும் ஐந்தாவதாக முடித்து, 8 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றவர் என்பதையும் நினைவில் வையுங்கள். சும்மா ஒதுங்கிப்போகிற ஆள் அல்ல அவர்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது. விஷயத்துக்கு வருகிறோம்.

தரவு இல்லை என்று சொல்ல வழியில்லை. 2002 முதலே கார்களில் மோதல் பதிவுக்கருவி இருக்கிறது. வெளியிட்டுப் பழக்கமில்லை என்றும் சொல்ல முடியாது: ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் டேடோனா மோதலில் இறந்த ஆறு மாதத்தில், 2001 ஆகஸ்ட்டில், இரண்டு தொகுதிகளாக 300 பக்கத்துக்கு மேல் அறிக்கை கொடுத்தவர்கள் நீங்கள். ஓர் ஓட்டுநர் இறந்தால்தான் அறிக்கை வரும் என்றால் அது என்ன நியாயம்?

ஆகவே பணிவுடன் கேட்கிறோம். பொக்கோனோ மோதலுக்கும், 2022 முதல் பின்பக்கம் அடிபட்ட ஒவ்வொரு மோதலுக்கும், சுவரில் பட்ட கோணம், மூன்று திசைகளிலும் வேக மாற்றம், உச்ச விசை, அது நீடித்த மில்லிசெகண்டுகள், இருக்கையிலும் மெத்தையிலும் என்ன பொருள் இருந்தது என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். மருத்துவ விவரம் அந்தரங்கம். அதைத் தொட வேண்டாம், தேவையென்றால் ஓட்டுநர் பெயர்களையும் நீக்கிவிடுங்கள். கூடவே, பல்லில் கடித்துக்கொள்ளும் உணரியை விருப்பத்துக்கு விடாமல் எல்லா ஓட்டுநருக்கும் கட்டாயமாக்குங்கள். காரில் பதிவாகும் விசை வேறு, தலை வாங்கும் விசை வேறு என்பது கான்கார்டில் இருக்கும் உங்கள் ஆய்வு மையத்துக்கு நன்றாகவே தெரியும்.

அழகான அறிக்கையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. எண்கள் மட்டும் உள்ள ஓர் அட்டவணை போதும். அடுத்த பருவத்தின் முதல் பந்தயத்துக்கு முன் வெளியிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
ஸ்டாக் கார் பந்தய ரசிகர்கள்