டியூஷன் நடத்துற சாருமாரே, டீச்சர்மாரே, முதல் பத்து நிமிஷம் நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்க

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, குலசேகரம், நாகர்கோவில்னு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க டியூஷன் சென்டர் நடத்துற எல்லாருக்கும் வணக்கம். பத்தாங்கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளைக்க அம்மா எழுதுறேன்.

2011 சென்சஸ்ல எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே முதல்ல நின்ன மாவட்டம் நம்முது. ரப்பர் வெட்டப் போற அப்பாவும் அண்டியாபீசுக்கு, அதான் முந்திரி ஆலைக்குப் போற அம்மாவும் வேற எந்தச் செலவைக் குறைச்சாலும் பிள்ளைக்க டியூஷன் ஃபீசை மட்டும் மொதல்லயே எடுத்து வச்சிருவாவ. அந்த ஃபீசுக்கு நீங்களும் தொண்டை வத்த கத்தி சொல்லிக்குடுக்கீங்க, உங்க உழைப்பைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா பிள்ளையள் படிக்கிற விதம் இருக்குல்லா, ஒரே பாடத்தை நாலு தடவை அஞ்சு தடவை சத்தமா வாசிக்கிறது, அதை மாத்தணும்னுதான் கேக்க வந்தேன்.

எங்க பிள்ளைக்க சயின்ஸ் நோட்டை எடுத்துப் பாத்தேன். தாவர ஹார்மோன் பாடம். பக்கம் முழுக்க மஞ்சக் கலர் ஹைலைட்டர், ஆக்சினுக்கு அடியில மூணு கோடு, ஜிப்ரெல்லினுக்கு சிவப்புல வட்டம். சரி நோட்டை மூடு, எத்திலின் என்ன செய்யும்னு சொல்லுன்னு கேட்டா "அது வலது பக்கம் கீழ இருக்கும்மா"ங்கா. எந்த எடத்துல இருக்குன்னு கண்ணுக்குள்ள நிக்குது, என்ன எழுதியிருக்குன்னு வரல. அவ படிக்காம இல்ல, அஞ்சு தடவை வாசிச்சிருக்கா. திரும்பத் திரும்ப வாசிச்சா எழுத்து பழகிப்போவும், பழகுன உடனே "இது எனக்குத் தெரியும்"னு மனசு சொல்லிரும். பாத்தா தெரியுறது வேற, பாக்காம நம்மளா எடுத்துச் சொல்லுறது வேற, பரீட்சை ஹால்ல ரெண்டாவதுதான் வேணும்.

இதை நான் சும்மா சொல்லல. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க காலேஜ் பிள்ளையளை வச்சு செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ஒரு கூட்டத்துக்கு ஒரு பாடத்தைக் குடுத்து நாலு ரவுண்டும் வாசிக்கச் சொன்னாங்க. இன்னொரு கூட்டம் ஒரு ரவுண்டு வாசிச்சாங்க, மீதி மூணு ரவுண்டும் பாடத்தைப் பாக்காம ஞாபகம் வந்ததை எல்லாம் எழுதுனாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்ச கூட்டந்தான் மேல, 83 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 71. இதோட நிறுத்தியிருந்தா நாம செய்யுறதுதான் சரின்னு ஆயிருக்கும். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வச்சவங்க கதையே வேற, வாசிச்ச கூட்டம் 40 சதவீதத்துக்கு இறங்கிட்டு, எழுதிப் பாத்தவங்க 61ல நின்னாங்க. இதுல முக்கியமான ஒண்ணு, அந்தப் பிள்ளையள்கிட்டயே உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு கேட்டப்போ திரும்பத் திரும்ப வாசிச்சவங்கதான் தைரியமா இருந்தாங்க. நம்ம பிள்ளையள் "எல்லாம் படிச்சிட்டேன்"னு சொல்லிட்டுப் போய் ஹால்ல முழிக்கிறது எதனாலன்னு இப்ப புரியும். அதுங்க பொய் சொல்லல, அதுங்களுக்கு அப்பிடித்தான் தோணுது.

எத்திலினை அன்னைக்கு ராத்திரி நான் வேற மாதிரி கேட்டேன். வாழைத்தாரை மூட்டம் போட்டு பொகை காட்டுனா ஏன் சீக்கிரம் பழுக்குது? அவளுக்கு தாத்தா வீட்டுல பாத்த விஷயம் அது. யோசிச்சு யோசிச்சு "பொகையில எத்திலின் இருக்கோ"ன்னு அவளே கேட்டா பாருங்க, இருக்குதான், காயைப் பழுக்க வைக்கிற ஹார்மோனே அதுதான். ஏன்னு ஒரு கேள்வி கேட்டு, ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ணோட சேத்து முடிச்சுப் போட்டா பாடம் நல்லா ஒட்டிக்கிடும், இதையும் உளவியல்காரங்க ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க. மட்டி, செவ்வாழை, ஏத்தன்னு இத்தனை வாழை இருக்கிற ஊருல இந்தக் கேள்வியைக் கேக்க தனியா ஒரு உபகரணமும் வேண்டாம்.

ரெண்டாவது, ஒரு பாடத்தை ஒரே நாள்ல முடிச்சு மூடி வைக்கிறது. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்களைத் தானே மனப்பாடம் பண்ணித் தன்னையே சோதிச்சுப் பாத்து 1885ல புத்தகமா போட்டாரு. ஒரே நாள்ல 68 தடவை சொல்லிப் பாத்ததுக்கு என்ன பலன் கிடைச்சுதோ அதே பலன் மூணு நாளாப் பிரிச்சு 38 தடவை சொன்னப்பவே கிடைச்சிட்டு. பாதி வேலை மிச்சம் மாதிரிதான். திங்கக்கிழமை எடுத்த பாடத்துல இருந்து வியாழக்கிழமை ரெண்டு கேள்வி, அடுத்த வாரம் ஒரு கேள்வி, இவ்வளவுதான் கேக்குறேன்.

கணக்கு சாருமாருக்குத் தனியா ஒண்ணு. உருளைக்கு கன அளவு பத்து கணக்கு, அடுத்து கூம்புக்கு பத்து, அடுத்து கோளத்துக்கு பத்துன்னு போட வைக்கிறீங்க. அப்பிடிப் போட்டா எந்த ஃபார்முலான்னு பிள்ளை யோசிக்கவே வேண்டாம், மேல உள்ள கணக்கைப் பாத்து நம்பரை மாத்திப் போட்டா போதும். 2007ல ரோரர், டெய்லர்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க இதே கன அளவு கணக்கை வச்சுத்தான் சோதிச்சாங்க. வகை வகையாப் பிரிச்சுப் போட்டவங்க பயிற்சியில 89 சதவீதம் சரியாப் போட்டாங்க, எல்லாத்தையும் கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு பாத்தா பிரிச்சுப் போட்டவங்க 20, கலந்து போட்டவங்க 63. கலந்து குடுத்தா பிள்ளையள் திணறும், தப்பு வரும், "சார் கஷ்டமா இருக்கு"ன்னு சொல்லும், சில அப்பாமாரு வந்து சண்டைக்குக்கூட நிப்பாவ. பரவாயில்ல, நாங்க கொஞ்ச பேரு உங்க கூட நிப்போம்.

இன்னொண்ணு சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. சில எடத்துல இந்தப் பிள்ளை பாத்துப் படிக்கிற வகை, இந்தப் பிள்ளை கேட்டுப் படிக்கிற வகைன்னு பிரிக்கிறாங்க, அதுக்கு விரல்ரேகை டெஸ்ட்னு சொல்லி ஆயிரக்கணக்குல காசும் வாங்குறாங்க. விரல்ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. வகைக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுத்தா நல்லா படிக்கும்ங்கிறதுக்கும் சரியான ஆதாரம் இல்லன்னு 2008லயே பாஷ்லர்ங்கிற உளவியல்காரரும் கூட உள்ளவங்களும் ஆராய்ச்சி எல்லாத்தையும் அலசிப் பாத்து எழுதிட்டாங்க. ஒரு கூலிக்காரர் வீட்டுப் பணத்தை இப்பிடி வாங்குறது அநியாயம், தயவுசெஞ்சு உங்க வாசல்ல அந்த நோட்டீசை ஒட்ட விடாதீங்க.

காலைல அஞ்சு மணி ஸ்பெஷல் கிளாசையும் கொஞ்சம் யோசிங்க. இந்த வயசுப் பிள்ளையளுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் உறக்கம் வேணும், படிச்சது மூளையில உறைக்கிறதே உறக்கத்துலதான் நிறைய நடக்குது. ராத்திரி பதினொண்ணு வரை படிச்சிட்டு நாலரைக்கு எந்திரிச்சு வந்து கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருக்கிற பிள்ளைக்கு என்ன ஏறும்?

நான் கேக்கிறதுக்கு புதுசா பில்டிங்கோ ஸ்மார்ட் போர்டோ வேண்டாம். கிளாஸ் தொடங்குன உடனே நோட்டை மூடச் சொல்லுங்க. ஒரு வெள்ளைத்தாள்ல நேத்து எடுத்ததுல ரெண்டு, போன வாரத்துல ஒண்ணு, போன மாசத்துல ஒண்ணுன்னு நாலு கேள்விக்கு ஞாபகத்துல இருந்து எழுதட்டும், பத்து நிமிஷம் போதும். எழுதி முடிச்ச உடனே நோட்டைத் திறந்து அதுங்களே திருத்தட்டும், தப்பை அப்பவே பாத்து சரி பண்ணணும், இல்லன்னா தப்பே மனசுல உக்காந்துரும். அந்தத் தாளுக்கு மார்க் வேண்டாம், ரேங்க் வேண்டாம், எங்க கையெழுத்து வேண்டாம், வாட்ஸப் குரூப்ல ஃபோட்டோ போடவும் வேண்டாம். மார்க்குன்னு ஆனா பிள்ளையள் பயந்து பக்கத்துத் தாளைப் பாக்கும், அப்புறம் எதுக்கு இது. காலாண்டுப் பரீட்சை வரைக்கும் ஒரே ஒரு பேட்ச்ல மட்டும் செஞ்சு பாருங்க, தாளும் பேனாவும் நாங்க பெத்தவங்க சேந்து வாங்கித் தாறோம்.