பொருத்தமில்லை என்று சொல்ல ஆளில்லாத காலம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலாம், நானும் நலம். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். கைப்பேசியில் இருந்த மூன்று துணைதேடும் செயலிகளையும் அழித்துவிட்டதாகவும், இந்த 38 வயதில் இன்னொரு புது மனிதரிடம் உன் கதையை முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை என்றும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஜொகூர் பாருவைச் சேர்ந்த ஒருவரோடு ஏழு வாரங்கள் பேசிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கெல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டுவிடுவார். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது வீட்டுக்கு வெளியே ஒருவருக்குப் பொருட்டாக இருக்கிறது என்ற எண்ணமே அன்றைய பொழுதைத் தாங்கிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்வி வரவில்லை. மாலையில் பிறை நகரில் வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் தீவுக்குப் படகேறியதும், "உடம்புக்கு முடியவில்லையா?" என்று எழுதி அனுப்பினேன். மேல்தளத்தில் சாரல் அடித்தது. திரையில் தெறித்த நீரைத் துப்பட்டா நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். படகு பாதித் தூரம் கடந்தபோது இரண்டு சரிக்குறிகளும் நீலமாக மாறின. படித்துவிட்டார். படகுத்துறை வந்து எல்லாரும் இறங்கினார்கள். பதில் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. அவர் காரணம் சொல்லாததால் நானே காரணங்களைத் தேடினேன். என் வயதா, என் நிறமா, அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று சொன்னதா, கடைசியாக அனுப்பிய படத்தில் முகம் களைத்திருந்ததா என்று இரவெல்லாம் எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

நம் அக்காமார்களைப் பெண் பார்க்க வந்த காலத்தை நினைத்துப் பார். பிடிக்கவில்லையென்றால் தரகர் வாசலுக்கு வந்து, "ஜாதகம் பொருந்தவில்லையாம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். எத்தனையோ முறை அது ஜாதகம் அல்ல என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் வந்து சேர்ந்துவிடும். பழி கிரகங்களின் மேல் போய்விடும். அம்மா காப்பித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். தட்டேந்தி நின்ற அவமானமும், நகைப் பேரமும், நிறத்தைப் பற்றிய முணுமுணுப்பும் நிறைந்த அந்த நாள்கள் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் தரகரை நம் வாழ்க்கையிலிருந்து அனுப்பிவிட்ட நாம், 'இல்லை' என்ற செய்தியைச் சுமந்து வந்தவரையும் அவரோடு சேர்த்தே அனுப்பிவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2014-இல் வந்த பம்பிள் செயலியில், பெண்தான் முதலில் எழுத வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் என்று விதி வைத்தார்கள். முதல் சொல்லுக்கு இத்தனை விதி வகுத்தவர்கள் கடைசிச் சொல்லுக்கு ஒரு விதியும் வைக்கவில்லை.

அந்தச் செயலிகளை விட முடியாமல் திரும்பத் திரும்பத் திறந்ததை உன் பலவீனம் என்று எழுதியிருந்தாய். அது சரியல்ல. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தியது. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. எந்த முகத்துக்குப் பிறகு பொருத்தம் வரும் என்று தெரியாமல் வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளிக்கொண்டிருந்த நம் விரலும் அப்படித்தான். போதாததற்கு நம் மக்களின் எண்ணிக்கை வேறு. 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடுதான். தமிழர், நம் வயது, திருமணமாகாதவர் அல்லது துணையை இழந்தவர், பக்கத்து ஊர் என்று சலித்தால் நான்கே நாளில் முகங்கள் தீர்ந்துபோகின்றன. மிஞ்சுபவர்களில் ஒருவர் சித்தி மகனாக இருக்கிறார். ஆள் கிடைக்காதது உன் குறை அல்ல என்பதைத் தயவுசெய்து நம்பு.

உன் அலுவலகத் தோழியைப் பற்றி எழுதியது வேறு விஷயம், அதற்குத் தாமதம் ஆகாது. முகம் காட்டாமல் அன்பாகப் பேசி 3,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கும் 'எண்ணெய்க் கப்பல் பொறியாளர்' காதலர் அல்லர், மோசடிக்காரர். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே தன் வங்கிக்கும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணுக்கும் அழைக்கச் சொல். பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் தடுத்தால்தான் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

நான் மறுபடியும் தொடங்கியது மார்ச் மாதத்தில். இந்த முறை எனக்கு நானே தரகராக இருப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் எழுத்திலேயே பேசிக்கொண்டிருக்காமல் பகல் நேரத்தில் நாலு பேர் இருக்கும் இடத்தில் சந்தித்துவிடுவது. மனம் ஒப்பவில்லையென்றால் அன்றிரவே அதைச் சொல்லிவிடுவது. முதல் முறை, "உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி, ஆனால் வாழ்க்கைத் துணையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்" என்று தட்டச்சு செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. கை நடுங்கியது. அவர் பத்து நிமிடத்தில், "நன்றிங்க. இதுவரைக்கும் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை" என்று பதில் எழுதினார். படகில் நின்ற என்னைப் போலவே அவரும் எங்கோ நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

சென்ற மாதம் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். மனைவியை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்தோம், படிகளில் ஏறி, நடுநடுவே நின்று, இரண்டு மணி நேரம் பேசினோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மறுநாள் இரவு அவரே அழைத்தார். மனைவியின் புடவைகளை இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை என்றும், என்னைப் பார்த்த பிறகுதான் தான் இன்னும் தயாராகவில்லை என்பது புரிந்தது என்றும், இதை எழுத்தில் அனுப்ப மனம் வராமல் அழைத்ததாகவும் சொன்னார். வைத்த பிறகு அழுதேன். ஆனால் அன்றிரவு எந்தக் காரணத்தையும் தேடாமல் தூங்கினேன். மறுநாள் காலை செயலியை மூடவேண்டும் என்றும் தோன்றவில்லை, இப்படிப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டேனே.

நீ இப்போதே திரும்பி வா என்று சொல்லவில்லை. ஓய்வெடு. அடுத்த மாதப் பள்ளி விடுமுறையில் கே.எல். சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் பட்டர்வொர்த் வந்துவிடலாம். நிலையத்துக்கு நானே வருகிறேன், சேர்ந்தே படகில் போவோம். ஏழு வாரக் கதையில் எழுதாமல் விட்டதும் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் தமிழ்ப்பள்ளித் தோழி