பதிவேட்டில் நான் எழுதிய காரணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூன்று மாதக் குழந்தை தூக்கத்தில் இறந்த செய்தியைப் போன வாரம் வெளியிட்டிருந்தீர்கள். 'தாய் அயர்ந்து தூங்கியதால் பால் புரையேறி' என்று காரணத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். போஸ்ட்மார்ட்டம் நடந்ததா என்பது அதில் இல்லை.

இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். 1997-ல் திண்டுக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். முதல் நாள் எடை பார்த்தபோது ஐந்து கிலோ இருந்த பிள்ளை, மறுநாள் விடியலில் இல்லை. உதட்டோரம் கொஞ்சம் பால். "பாலைக் கொடுத்துட்டு இவ தூங்கிட்டா நர்சம்மா" என்றார் மாமியார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பதிவேட்டில் 'புரையேறி' என்று எழுதிவிட்டு வந்தேன். அப்புறம் அவளைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம்.

உயிர் போகும்போதும் போன பிறகும் வயிற்றுப் பால் வாய்க்கு வருவது உண்டு என்று பிறகுதான் படித்தேன். தூக்கத்தில் மூக்கு அழுந்தி, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேர்ந்தால் பிள்ளை சிணுங்கும், தலையைத் திருப்பும். அந்த எச்சரிக்கையைக் கொடுப்பது மூளைத்தண்டு. இப்படித் திடீரென இறந்த குழந்தைகளின் மூளைத்தண்டில், அந்த எச்சரிக்கைக்கு உதவும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் சுமார் 26 சதவீதம் குறைவாக இருந்ததாக 2010-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ஹன்னா கின்னியின் ஆய்வுக் குழு கண்டது. சில பிள்ளைகளுக்கு இதயத் துடிப்பைக் குலைக்கும் மரபணுக் கோளாறு. இதில் எதையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக், தன் நான்கு பிள்ளைகளைக் கொன்றதாக 20 ஆண்டுகள் சிறையில் இருந்தார். மகள்கள் இருவருக்கும் அப்படியொரு மரபணு மாற்றம் இருந்தது தெரிந்த பிறகு 2023-ல் விடுதலையானார். இங்கே வழக்கெல்லாம் வேண்டாம், மாமியார் வாயும் ஊர் வாயும் போதும்.

குப்புறப் போட்டால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று பாட்டிமார் சொல்வது உண்மைதான். அந்த ஆழ்ந்த தூக்கம்தான் சிக்கலே; மூச்சு முட்டினாலும் பிள்ளை எளிதில் விழிக்காது. மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறும் என்ற பயமும் வேண்டாம்; அப்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும். பிரிட்டனில் 1991-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்ன பிறகு இந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. பக்கத்தில் பீடி, சிகரெட் புகையும் கூடாது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், டாக்டர் சொல்லும்வரை 'காரணம் தெரியவில்லை' என்று போடுங்கள்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்