நீ கேட்ட தண்ணீர்க் கேள்வி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் பேரனுக்குக் காய்ச்சல் என்று மகள் கூப்பிட்டாள். நாலு நாள் அங்கே இருந்துவிட்டு, இன்றைக்குத்தான் நிம்மதியாக உட்கார நேரம் கிடைத்தது. உன் வீட்டுக்காரர் கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் மனசு ஆறியது. முட்டு ஆபரேஷன் ஆனவரை விட்டுவிட்டு நீ எங்களோடு வந்திருந்தாலும் உன் நினைப்பெல்லாம் வீட்டில்தான் இருந்திருக்கும்.

ஆனாலும் ஜோர்டான் போக வேண்டும் என்று முதலில் சொன்னவள் நீதான். விடுதி அறையில் உன் கட்டிலுக்கு மேலே, பாறையைக் குடைந்து கட்டிய பெட்ரா என்கிற பழைய ஊரின் படத்தைச் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டி வைத்திருந்தாய். நாற்பது வருஷம் கழித்து, நான், வார்டன், ஓவியம் மூன்று பேரும் அந்தப் பாறை முகப்புக்கு முன்னால் போய் நின்றபோது எங்கள் வாயில் முதலில் வந்தது உன் பேர்தான். (வார்டனை இன்னமும் வார்டன் என்றும், ஓவியத்தை ஓவியம் என்றும்தான் கூப்பிடுகிறோம். பணப்பை இந்தத் தடவையும் வார்டன் கையில்தான் இருந்தது.)

புறப்படுகிறதுக்கு முந்தின நாள் போனில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அங்கே தண்ணிக்கு என்னடி பண்றாங்க? நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லு." முப்பது வருஷம் ஏரி, மதகு, கலங்கல் என்று அலைந்தவள் வேறென்ன கேட்பாய்? எட்டு நாளும் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அதனால் கோட்டைகளையும் கடைவீதிகளையும் நேரில் பேசும்போது சொல்கிறேன். இப்போது தண்ணீரை மட்டும் எழுதுகிறேன்.

தலைநகர் அம்மானில் இறங்கிய அன்று காலையில் விடுதி மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். குன்று குன்றாக வெளிர்நிறக் கல் வீடுகள். ஒவ்வொரு கூரையிலும் தண்ணீர்த் தொட்டிகள், சில வீடுகளில் நாலைந்து. பல பகுதிகளில் குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர் வருமாம். எங்கள் வேன் ஓட்டுநர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் வருகிற நாளில் அவர் மனைவி எந்த விசேஷத்துக்கும் போகமாட்டாராம். துணி துவைப்பது, தரை கழுவுவது, தொட்டி நிரப்புவது எல்லாம் அன்றைக்குத்தான். கேட்கக் கேட்க நம் ஊர்க் கோடைக்காலம் கண்முன் வந்தது. அவர்களுக்கு வருஷம் முழுக்க இதே நிலைமை.

மாதபா என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் தரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கல்துண்டுகளைப் பதித்துச் செய்தது. அதில் யோர்தான் ஆறு சாக்கடலில் போய் விழுகிற இடத்தில் ஒரு மீன் எதிர்த்திசையில் திரும்பி நீந்துகிறது. உப்பு நாக்கில் பட்டதும் அலறியடித்துத் திரும்புகிற மாதிரி! அந்தக் கைவேலைக்காரர் அதை எத்தனை ஆசையோடு செய்திருக்கிறார் பார். ஓவியம் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் அந்த மீனை மட்டும் மூன்று தடவை வரைந்தாள். ஒன்றை உனக்கென்று கிழித்துக் கொடுத்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாக்கடலில் நாங்களும் மிதந்தோம். கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது அந்த நீர். வருஷத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் என்று மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆற்றுத் தண்ணீரைச் சுற்றியுள்ள நாடுகள் மேலேயே எடுத்துவிடுகின்றன. கரையில் பழைய நீர்மட்டங்கள் படிப்படியாகக் கோடு போட்டிருக்கின்றன. எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

இனி பெட்ரா. இங்கேதான் நீ கூட இல்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன். சீக் என்று சொல்கிற மலையிடுக்கு வழியாகச் சுமார் 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நிற்கிறது. சில இடங்களில் வானம் ஒரு கோடுபோலத்தான் தெரிகிறது. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் உனக்காகக் கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பக்கம் பாறையை வெட்டிய வாய்க்கால், இடுப்புயரத்தில் கூடவே வருகிறது. மறுபக்கம் சுடுமண் குழாய்கள். ஒன்றின் நுனி அடுத்ததன் வாய்க்குள் செருகி, சாந்து பூசி, பாறையில் பள்ளம் எடுத்துப் பதித்திருக்கிறார்கள். நடுநடுவே வண்டல் தங்குவதற்குச் சின்னத் தொட்டிகள். வாட்டம் எவ்வளவு நிதானமாக எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? தண்ணீர் பாய்ந்து குழாயை உடைக்கவும் கூடாது, தேங்கி நிற்கவும் கூடாது. மூசாவின் ஊற்று என்கிற சுனையிலிருந்து ஊர் நடுவரைக்கும் இப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால். குழாயின் உடைந்த விளிம்பில் களிமண்ணைத் திரித்த வரிகள் அப்படியே இருந்தன. தொடக்கூடாது என்பதால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

நபத்தேயர்கள் என்கிற பழைய அரபு மக்கள் கட்டிய இந்த ஊருக்கு மழையும் வேண்டும், மழையிடமிருந்து காவலும் வேண்டும். சீக்கின் வாயில் ஓர் அணை. காட்டாற்று வெள்ளம் இடுக்குக்குள் நுழையாமல், பாறையைக் குடைந்த சுரங்கம் வழியாக வேறு பக்கம் போய்விடும். அந்த ஏற்பாடெல்லாம் காலப்போக்கில் அழிந்துபோய்விட்டது. 1963-ல் திடீர் வெள்ளம் சீக்குக்குள் புகுந்து, 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அந்த இடத்திலேயே அணையைத் திரும்பக் கட்டினார்கள். நீ எத்தனை கூட்டத்தில் இதைத்தானே சொல்லித் தொண்டை வற்றினாய்? பழைய போக்குவாய் எங்கே இருந்தது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்று. அணைமேல் நின்றபோது உன் குரல் காதில் கேட்டது.

படத்தில் நீ பார்த்த அந்த முகப்பு ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். உச்சியில் கல்லில் செதுக்கிய ஒரு ஜாடி இருக்கிறது. அதற்குள் புதையல் இருக்கிறதென்று நம்பித் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள், குண்டு பட்ட காயம் இன்னும் தெரிகிறது. உள்ளே அது கெட்டிப் பாறைதான். எனக்கோ அதைவிட ஊர் நடுவே இருக்கிற ஒரு வெறும் மேடை பெரிதாகத் தெரிந்தது. ரொம்ப காலம் அதைச் சந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். 1998-ல் தோண்டத் தொடங்கியதும் தெரிந்தது, அங்கே பெரிய நீச்சல்குளமும், நடுவில் மண்டபமும், பக்கத்தில் தோட்டமும் இருந்திருக்கின்றன! பாலைவனம் கடந்து களைத்து வருகிற வியாபாரிக்கு முதலில் காட்ட வேண்டியது தங்கமில்லை, தண்ணீர்தான் என்று அந்த ராஜாக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பக்கத்தில் சின்ன பெட்ரா என்கிற இடத்தில் ஒரு பழைய நீர்த்தொட்டிக்குள் படியிறங்கிப் போனோம். முழுக்கப் பாறையைக் குடைந்தது. உள்ளே குளிர்ச்சி. சுவரில் காரைப் பூச்சு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் இந்த மக்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தரைக்கடியில் தொட்டி குடைந்து, வாயை மட்டும் குறுகலாக விட்டு, உள்ளே போகப் போக அகலமாக்கி, மழைநீரை நிரப்பி மூடிவிடுவார்களாம். தங்களுக்கு மட்டும் தெரிகிற அடையாளம் வைத்துவிட்டுப் போவார்களாம். எதிரிப்படை துரத்தி வந்தால் தாகத்தில் செத்துப்போகும், இவர்கள் தொட்டிக்குத் தொட்டி போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். முதலில் வீடே கட்டாமல் கூடாரத்தில் வாழ்ந்த ஜனங்கள், அப்புறம் இத்தனை பெரிய ஊரைக் கட்டினார்கள்.

வார்டனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெட்ராவில் மடாலயம் என்கிற இன்னொரு முகப்புக்குப் போக எண்ணூறு படிகளுக்குமேல் ஏற வேண்டும். பாதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அங்கே டீ விற்கிற ஒரு பதூயின் (பாலைவன நாடோடி அரபு இனம்) அம்மாவிடம் அவளை உட்காரவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஏறிவிட்டோம். மேலே காட்சி பெரிதுதான். ஆனால் இறங்கி வந்து பார்த்தால், வார்டன் அந்த அம்மாவோடு பாய்மேல் உட்கார்ந்து, பொது மொழி ஒன்றும் இல்லாமல், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பிள்ளைகளின் போட்டோ காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கையில் மரமிய்யா என்கிற மூலிகை இலை போட்ட டீ. அந்த அம்மா பிறந்தது அங்கே ஒரு குகையில்தானாம். எண்பதுகளில் அரசாங்கம் எல்லாரையும் மேலே புது ஊருக்கு மாற்றிவிட்டது. "வீட்டில் குழாய் வந்தது, நல்லதுதான், ஆனால் குகை கோடையில் குளிர்ச்சியாக இருக்கும்" என்று அவர் மகன் மொழிபெயர்த்துச் சொன்னான். வார்டனை அங்கே விட்டுவிட்டுப் போனது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அவளோ பயணத்திலேயே அதுதான் நல்ல ஒரு மணி நேரம் என்கிறாள்.

கடைசி இரண்டு நாள் வாதி ரம் பாலைவனம். செம்மணல், அதன் நடுவே கப்பல்கள் தரைதட்டி நின்ற மாதிரி மலைகள். கஸாலி என்கிற பிளவுக்குள் பாறையில் மலையாடுகள், கைதூக்கி நிற்கிற ஆட்கள், அப்புறம் ஜோடி ஜோடியாகப் பாதங்கள் செதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பிரதேசம் முழுக்க இப்படி 25,000 செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருக்கின்றன. ஏன் இந்தப் பிளவில் மட்டும் இவ்வளவு என்று வழிகாட்டிப் பையனைக் கேட்டேன். "உள்ளே மழைத்தண்ணீர் தங்கும், அதனால் எல்லாரும் இங்கே நிற்பார்கள்" என்றான். பார்த்தாயா? நின்றவர்கள் சும்மா இராமல் பேரை எழுதியிருக்கிறார்கள்.

அங்கே ஊற்றுகள் இருக்கிற விதமும் உனக்குப் பிடிக்கும். மேலே மணற்பாறை, அடியில் கருங்கல். மழைநீர் மணற்பாறைக்குள் மெதுவாக ஊறி இறங்கும். கருங்கல்லுக்குள் போக முடியாமல், இரண்டும் சேருகிற கோட்டில் வெளியே கசியும். மலைச்சரிவில் பாதி உயரத்தில் திடீரென்று ஒரு பச்சைக் கோடு தெரிந்தால் அதுதான் இடம். தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க நானும் பழகிவிட்டேன்.

இரவு முகாமில் ஓவியம் பாதி பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றி மணலைக் கழுவினாள். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடிப்போய் ஒரு அலுமினியத் தட்டை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தான். கழுவி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டுக்கு வைத்தான். ஓவியம் அன்றிரவு ரொம்ப நேரம் தூங்கவில்லை. நானும்தான். வெளியே மணலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த மணலுக்கு அடியில்தான், தோழி, திசி என்கிற நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. முப்பதாயிரம் வருஷம் வரை பழையதான தண்ணீர். மழை அதிகமாகப் பெய்த ஒரு காலத்தில் சேர்ந்தது, இப்போது பெய்கிற மழையில் திரும்ப நிரம்பாது. 2013-லிருந்து 325 கிலோமீட்டர் குழாய் போட்டு, வருஷத்துக்குப் பத்துக் கோடி கன மீட்டர் அம்மானுக்கு எடுக்கிறார்கள். முதல் நாள் காலையில் நான் பல் தேய்த்ததும் அந்தத் தண்ணீராகத்தான் இருக்கும். குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, குடிக்க வேறு வழி இல்லாத ஜனங்கள். அகபா துறைமுகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கி மேலே ஏற்றுகிற திட்டம் இருக்கிறதாம். அது சீக்கிரம் வரட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். எடுக்கிற அளவையும் இருக்கிற அளவையும் வைத்து உன்னால் கணக்குப் போட முடியும். போட்டு எனக்கும் எழுது, என்னால் நூறு வருஷத்துக்குமேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மரமிய்யா ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். டீ கொதித்து இறக்குகிறபோது இரண்டு இலை போட்டு மூடிவை, பால் வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கும் கொடு. அடுத்த பங்குனிக்குள் அவர் நன்றாக நடந்துவிடுவார். சீக் முழுக்கச் சமதளம்தான், இறக்கம் கொஞ்சம். வார்டன் இப்போதே சீட்டுப் பணம் மாதிரி மாசாமாசம் வாங்கத் தொடங்கிவிட்டாள், உன் பங்கையும் கேட்கச் சொன்னாள்.

நீ கட்டிய அந்தத் தடுப்பணை இந்த ஐப்பசியில் நிரம்பியதா? போய்ப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் அறைத்தோழி