செயலாளரின் ஆண்டறிக்கை: மீன்பிடிப் பூனையும் அதன் நீரோரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே,

இவ்வாண்டு நமது பணியின் பெரும்பகுதி, வீதிக்கு அடியால் வாய்க்கால் நீர் ஓடும் மதகுகளைச் சுற்றியே அமைந்தது. மீன்பிடிப் பூனை வாய்க்காலோரமாகவே நடமாடும். மாரியில் மதகு நிரம்பினாலோ ஆற்றுவாழையும் குப்பையும் அதன் வாயை அடைத்தாலோ, கரையேறி வீதியைக் கடக்கும். இரவில் வாகனங்களில் அடிபடும். அது நன்றாக நீந்தக்கூடியதுதான். ஆனால் நீர் மதகின் மேல்தட்டை நெருங்கிவிட்டால் உள்ளே மூச்செடுக்க இடமில்லை.

ஆகவே பெட்டி வடிவ மதகுகளுக்கு நாம் கோருவது, பூனை நனையாமல் நடந்து செல்ல உட்சுவரோடு ஒரு கொங்கிறீற்றுத் திட்டு. அகலம் ஓரடிக்குக் குறையக்கூடாது. மாரிக்கால நீர்மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். அதற்கு மேல் ஈரடி வெளி வேண்டும். இரு முனைகளும் கரையோடு சரிவாக இணையவேண்டும். அந்தரத்தில் முடியும் திட்டில் எந்த விலங்கும் ஏறாது. குழாய் மதகுக்குள் திட்டு கட்டினால் நீர்வழி குறுகி வயலில் வெள்ளம் தேங்கும். அங்கே பக்கத்தில் தனியாக ஓர் உலர் குழாய் பதிப்பதே சரி.

சிரமதானங்களில் வாய்க்காலின் இரு கரைகளையும் ஒரேயடியாக வெட்டி வெளியாக்குவது நம்மை மிகவும் வருத்துகிறது. பகலில் பூனை படுத்திருப்பதும் குட்டி ஈனுவதும் அந்தப் பன்புற்களுக்குள்தான். ஓராண்டு ஒரு கரை, மறு ஆண்டு மறு கரை என்று வெட்டினால் நீரும் ஓடும், மறைவும் இருக்கும்.

பூனைகளைப் பதிவுசெய்யும் தானியங்கிக் கமராக்களை நீரோரம் ஓரடி முதல் ஒன்றரையடி உயரத்தில், வடக்கு அல்லது தெற்கு நோக்கிக் கட்டுக. கிழக்கு, மேற்கு வெயிலும் முன்னால் ஆடும் புல்லும் வெறும் படங்களால் நினைவக அட்டையை நிரப்பிவிடும். ஒவ்வொரு பூனையையும் அதன் புள்ளிகளைக் கொண்டே அடையாளம் காண்கிறோம்; உடலின் இரு பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இரா. ஆகவே எதிரெதிரே, சற்று விலக்கி, இரண்டு கமராக்கள் தேவை.

பூனை கோழிகளைப் பிடிக்காதிருக்க, கோழிக்கூட்டுக்கு மெல்லிய கோழிவலை போதாது. ஓரங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலையை) ஓரடி மண்ணுள் இறக்கி, அடியை வெளிப்புறம் மடித்துவிடுக, கூரையையும் மூடுக.

‘புலிக்குட்டி’ என்று வரும் தகவல்களில் முதலில் வாலைப் பாருங்கள். சிறுத்தைக் குட்டிக்கு வால் நீளம். மீன்பிடிப் பூனைக்குக் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். அறுவடையில் குட்டிகள் தென்பட்டால் தூக்கவேண்டாம். இயந்திரத்தையும் நாய்களையும் அகற்றிவிட்டால், இருட்டியதும் தாய் வந்து இடம்மாற்ற வாய்ப்புண்டு.

அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் இலங்கையின் தேசிய செம்பட்டியலில் மீன்பிடிப் பூனை ஆபத்துக்குள்ளான இனம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதனைப் பாதுகாக்கிறது. கொல்வதும் பிடித்து வளர்ப்பதும் குற்றம்.

வரவு செலவு விபரம் பொருளாளரின் அறிக்கையில் உண்டு. மாரி தொடங்குமுன் மதகு வாய்களைத் துப்புரவாக்கவும், புதிய மதகு வரைபடங்களில் உலர் திட்டைச் சேர்க்குமாறு பிரதேச சபையிடம் எழுத்துமூலம் கோரவும் இக்கூட்டத்தின் அங்கீகாரத்தை வேண்டுகிறேன்.

செயலாளர்